ஃபிளாட்பெட் ஸ்கேனரில் நெகட்டிவைத் தட்டையாகப் படுக்கவைப்பது எப்படி?

ஃபிலிமை ஸ்கேன் செய்யத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் பிரச்சினை இது. படத்தின் இரண்டு ஓரமும் கூர்மையாக இருக்கும், நடுவில் முகம் மட்டும் மசமசவென்று இருக்கும். சில படங்களில் இது தலைகீழாக நடக்கும். உடனே டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவை) 6400க்கு ஏற்றிப் பார்ப்போம். ஃபைல் பெரிதாகும், மசமசப்பு அப்படியே இருக்கும். அப்புறம் ஷார்ப்பனிங்கைக் கூட்டுவோம். கிரெய்ன், அதாவது ஃபிலிமின் துகள்கள், மணல் மணலாகத் தெறிக்கும், முகம் தெளியாது.

ஸ்கேனரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஃபிலிம் தட்டையாக இருக்கிறதா? தட்டையாக இருந்தால், சரியான உயரத்தில் இருக்கிறதா? பலர் முதல் கேள்விக்கு மட்டும் பணம் செலவழித்துக் கண்ணாடி வாங்குகிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். தப்பான உயரத்தில் பலகை மாதிரி தட்டையாகக் கிடக்கும் ஃபிலிமும் மசங்கலாகத்தான் வரும்.

ஃபிலிம் ஏன் வளைகிறது

ஃபிலிமில் முக்கியமாக இரண்டு அடுக்குகள். அடியில் பிளாஸ்டிக். 35 மி.மீ. ஃபிலிமில் பெரும்பாலும் இது ட்ரைஅசிட்டேட், சில ரகங்களில் பாலியெஸ்டர். அதன்மேல் ஜெலட்டின் பூச்சு, அதாவது எமல்ஷன். படம் இருப்பது இந்தப் பூச்சில்தான். ஜெலட்டின் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் காயக் காய எமல்ஷன் தன் பக்கமாக ஃபிலிமை இழுத்துக்கொள்ளும். ஏசி ஓடும் அறையில் நெகட்டிவ் அதிகமாக முறுக்கிக்கொள்வதற்கும், மழை நாளில் கொஞ்சம் சாதுவாகப் படுப்பதற்கும் காரணம் இதுதான்.

வளைவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று அகலவாக்கில் குழிவது. மற்றது நீளவாக்கில் சுருள்வது. இது கேசட்டிலோ ஸ்பூலிலோ சுற்றியிருந்த பழக்கம். நீளச் சுருளை அடக்குவது எளிது, இரண்டு முனையையும் பிடித்தாலே போதும். அகலக் குழிவுதான் படுத்தும். அது ஃபிரேமின் நடுப்பகுதியைத் தூக்கும் அல்லது இறக்கும். ஸ்கேனரோடு வரும் ஃபிலிம் சட்டகமான ஹோல்டரோ ஓரங்களை மட்டும்தான் பிடித்திருக்கும்.

35 மி.மீ. ஃபிரேம் 24 × 36 மி.மீ. என்பதால் குழிவு ஓரளவோடு நிற்கும். 120 என்ற அகலமான ரோல் ஃபிலிமில் 6×6 ஃபிரேம் என்பது உண்மையில் 56 மி.மீ. சதுரம். அகலம் அதிகம், ஃபிலிமும் மெல்லியது. 35 மி.மீ. ஃபிலிம் சுமார் 0.13 மி.மீ. தடிமன் என்றால் 120 ஃபிலிம் 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆகவே நடுவில் தொய்வதும் அதிகம். 120 எடுப்பவர்கள் இந்த விஷயத்தில் கூடுதலாக மெனக்கெட வேண்டியிருக்கும்.

முதல் வேலை: எந்தப் பக்கம் எமல்ஷன்?

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அது பிளாஸ்டிக். மறுபக்கம் சற்று மங்கலாக இருக்கும். சாய்த்துப் பார்த்தால் படத்தின் வடிவம் லேசாக மேடு பள்ளமாகத் தெரியும், அது எமல்ஷன். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகளையும் எண்களையும் பாருங்கள். அவை நேராகப் படிக்க வந்தால் உங்களைப் பார்த்திருப்பது பளபளப்பான பக்கம்.

அடுத்து, துண்டை மேஜைமேல் ஒரு சுத்தமான வெள்ளைத் தாளில் வைத்து எந்தப் பக்கம் குழிகிறது என்று பாருங்கள். பொதுவாக எமல்ஷன் பக்கம்தான். ஆனால் பல வருடம் பெட்டியில் கிடந்த நெகட்டிவ்கள் தம் இஷ்டத்துக்கு வளைந்திருக்கும். புத்தகத்தில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு உங்கள் கையிலிருக்கும் துண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்கேனுக்கு முன்பே தட்டையாக்குவது

டெவலப் செய்து உலர்த்தும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். ஃபிலிமைத் தொங்கவிடும்போது கீழ் முனையில் கனமான கிளிப் போடுங்கள். ஹேர் டிரையரைக் காட்டி அவசரப்படுத்த வேண்டாம், வேகமாகக் காய்ந்த ஃபிலிம் அதிகமாக வளையும். லேபில் கொடுப்பவர்கள், ரோலாகச் சுருட்டி டப்பாவில் போட்டுத் தராமல், வெட்டி ஸ்லீவில் (நெகட்டிவ் உறையில்) போட்டுத் தரச் சொல்லுங்கள். 35 மி.மீ. என்றால் ஆறு ஆறு ஃபிரேம். நீங்கள் கேட்காவிட்டால் சில இடங்களில் சுருட்டித்தான் தருவார்கள்.

வெட்டிய துண்டுகளை ஸ்லீவில் போட்டு, தடிமனான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்தால் நல்ல பலன் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் இதைச் செய்தால், ஈரம் குடித்த ஜெலட்டின் வழவழப்பான பிளாஸ்டிக் ஸ்லீவோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது படத்தில் பளபளப்பான திட்டுகள் விழும், மோசமாக ஒட்டியிருந்தால் எமல்ஷனே உரியும். அந்த மாதங்களில் நெகட்டிவ் வைப்பதற்கென்று விற்கும் பேப்பர் உறையில் போட்டு, மிதமான எடை வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சையும் வரும் என்பதால், வேலை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைப்பது நல்லது.

எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் முறை ஒன்று உண்டு. வேலை செய்யும், ஆனால் எமல்ஷன் வெளிப்பக்கம் இருப்பதால் கீறல் விழ வாய்ப்பு அதிகம். நான் சொல்ல மாட்டேன். இஸ்திரிப் பெட்டி, நீராவி இரண்டையும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஹோல்டரில் போடும் விதம்

ஸ்கேனரோடு வரும் கையேடு, பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி போடச் சொல்லும். அப்படிப் போட்டால் படம் இடவலம் மாறாமல் வரும். ஆனால் எமல்ஷன் மேலே இருப்பதால் குழிவும் மேல்பக்கம் பார்த்திருக்கும். ஃபிலிமின் நடுப்பகுதி கீழே தொங்கும். தன் எடையால் இன்னும் கொஞ்சம் தொய்யும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். எமல்ஷன் கீழே, பளபளப்பு மேலே. இப்போது ஃபிலிம் கவிழ்த்து வைத்த நாட்டு ஓடு மாதிரி நடுவில் மேடாக இருக்கும். அந்த மேட்டின் மேல் ஒரு கண்ணாடியை வைத்தால் முடிந்தது. எடை ஃபிலிமை அழுத்தித் தட்டையாக்கிவிடும். படம் இடவலம் மாறி வரும், அதற்கு ஸ்கேன் மென்பொருளிலேயே மிரர் வசதி இருக்கிறது. எப்சன் ஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட், வியூஸ்கேன் என எதிலும் செய்யலாம். மறந்துவிட்டாலும் பிறகு புகைப்பட மென்பொருளில் ஒரே சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பில் இன்னொரு வசதி. கண்ணாடி இருப்பது விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவில். லென்ஸ் கீழேயிருந்து பார்க்கிறது. ஆகவே நீங்கள் வைத்த கண்ணாடி வழியாக லென்ஸ் பார்ப்பதே இல்லை, அதனால் கூர்மை குறையாது.

எந்தக் கண்ணாடி?

சாதாரண ஜன்னல் கண்ணாடியை வைத்தால் வானம், சுவர் மாதிரி ஒரே சீரான இடங்களில் எண்ணெய் படிந்தது போன்ற வளையங்கள் வரும். கலரில் வானவில் நிறத்தில், கறுப்பு வெள்ளையில் சாம்பல் கோடுகளாக. இவை நியூட்டன் வளையங்கள். பளபளப்பான இரண்டு பரப்புகள் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நடுவில் மிக மெல்லிய காற்று இடைவெளி இருக்கும்போது, இரண்டு பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து இப்படித் தெரிகிறது. எமல்ஷன் பக்கம் சொரசொரப்பு என்பதால் அங்கே பொதுவாக வருவதில்லை, பிளாஸ்டிக் பக்கத்தில்தான் வரும்.

இதற்கென்றே இருப்பது ஆன்டி-நியூட்டன் கண்ணாடி. ஒரு பக்கம் மிக நுண்ணியதாக அரித்து, சொரசொரப்பாக்கியிருப்பார்கள். அந்தப் பக்கம் ஃபிலிமின் பளபளப்பான பக்கத்தைத் தொட வேண்டும். எது அந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, விளக்கின் பிம்பத்தை இரண்டு பக்கத்திலும் பாருங்கள். பிம்பம் கலங்கித் தெரியும் பக்கமே அரித்த பக்கம். தெளிவாகத் தெரியும் பக்கத்தின் மூலையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.

புதிதாக வாங்குவது செலவுதான். டார்க்ரூமை மூடிய பழைய ஸ்டூடியோக்களில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரோடு கிடக்கும் நெகட்டிவ் கேரியர்களைக் கேட்டுப் பாருங்கள், சிலவற்றின் மேல் கண்ணாடி இதே வகைதான். படத்துக்கு ஃபிரேம் போடும் கடையில் கிடைக்கும் நான்-க்ளேர் கண்ணாடியையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதன் சொரசொரப்பு கரடுமுரடு, சில சமயம் அதுவே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு துண்டு வாங்கி, வானம் உள்ள நெகட்டிவில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதை வெட்டினாலும் ஓரத்தை மழுங்கத் தேய்த்துத் தரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கையோடு நெகட்டிவும் கிழியும். அக்ரிலிக் தகடு வேண்டாம் என்பது என் கருத்து. லேசாக இருப்பதால் அழுத்தாது, சீக்கிரம் கீறல் விழும், தூசியை இழுக்கும்.

எப்சன் வி800, வி850 ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஹோல்டரிலேயே ஒளிபுகும் தகடு இருக்கிறது. அதற்குமேல் கண்ணாடி தேவையா என்பதை ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டு யோசியுங்கள். வி600 மாதிரி ஹோல்டர்களில் 120 ஃபிலிமின் ஓரத்தை மட்டும் பிடிக்கும் சட்டகம்தான். அங்கே கண்ணாடி வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கண்ணாடியைச் சட்டகத் திறப்பின் அளவுக்கு வெட்டி, ஃபிலிம்மேல் நேரடியாகப் படுக்கவைக்க வேண்டும். சட்டகத்தின்மேல் உட்கார்ந்தால் ஃபிலிமைத் தொடவே தொடாது.

டேப்

கண்ணாடி இல்லாமல் ஒப்பேற்ற நினைப்பவர்களுக்கு டேப் போதும். நீளவாக்கில் சுருளும் 120 துண்டுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஒரு முனையை ஹோல்டரில் ஒட்டுங்கள். மறுமுனையை விரலால் மெதுவாக இழுத்து, தொய்வு போனதும் ஒட்டுங்கள். படம் இல்லாத ஓரத்தில் மட்டும் டேப் படலாம். செல்லோ டேப் பசையை விட்டுவிட்டுப் போகும், வேண்டாம். மாஸ்கிங் டேப் போன்ற, பசை குறைந்த பேப்பர் டேப் போதும். எடுக்கும்போது ஃபிலிமோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள்.

ஹோல்டரின் ஒரு முனையில் படம் எதுவும் இல்லாத ஒரு திறப்பு இருக்கும். ஸ்கேனர் அதன் வழியாகத்தான் விளக்கின் அளவைப் பார்த்துக்கொள்கிறது. டேப்போ கண்ணாடியோ அதை மறைத்தால் படம் முழுக்கக் கோடு விழும், சில சமயம் ஸ்கேனர் வேலையே செய்யாது. புதியவர்கள் ஸ்கேனரே பழுதாகிவிட்டது என்று பயப்படும் இடம் இதுதான்.

உயரம்: இதைத் தவிர்க்காதீர்கள்

இந்த வகை ஸ்கேனர்களில் லென்ஸின் ஃபோகஸ் நிலையானது. ஹோல்டரில் இருக்கும் ஃபிலிம், ஸ்கேனர் கண்ணாடிக்குச் சுமார் 3 மி.மீ. மேலே இருக்கும் என்று கணக்குப் போட்டு அமைத்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனரும் கொஞ்சம் முன்பின் இருக்கும். வி700, வி750 ஹோல்டர்களின் கால்களைக் கழற்றியோ திருப்பியோ 2.5, 3, 3.5 மி.மீ. என உயரத்தை மாற்றலாம். வி800, வி850 ஹோல்டர்களில் சறுக்கும் கால்கள் உள்ளன. வி600க்கு எதுவும் கிடையாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் ஸ்கேனரின் ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. சுமார் 100 மி.மீ. நீளமுள்ள கண்ணாடித் துண்டு ஒன்றை எடுங்கள். அதன் அடிப்பக்கத்தில், தேவையில்லாத கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றை எமல்ஷன் வெளியே தெரியும்படி இழுத்து ஒட்டுங்கள். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் என்றால் நல்லது, கிரெய்ன் பெரிதாக இருக்கும். ஃபிலிமின் ஓரத்தில் 10 மி.மீ.க்கு ஒரு கோடு என்று மார்க்கரால் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது கண்ணாடியின் ஒரு முனை ஸ்கேனர் பரப்பைத் தொட, மறுமுனைக்கு அடியில் 5 மி.மீ. தடிமனுள்ள அட்டையைக் கொடுங்கள். துண்டு சரிவாக நிற்கும். ஒவ்வொரு 10 மி.மீ. கோட்டுக்கும் அரை மில்லிமீட்டர் உயரம் கூடுகிறது.

ஃபிலிம் ஸ்கேன் முறையில், வழக்கமான ஹோல்டருக்கான தேர்வில், 3200 டிபிஐயில், ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். திரையில் நூறு சதவீதத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்திப் பாருங்கள். முதலில் மழமழவென்று ஒன்றுமே தெரியாது. போகப்போக கிரெய்ன் முளைக்கும், ஓரிடத்தில் நறுக்கென்று நிற்கும், பிறகு மறுபடி கரையும். நறுக்கென்று நிற்கும் இடத்தில் ஆறாவது கோடு இருந்தால் உங்கள் ஃபோகஸ் 3 மி.மீ.யில். ஏழாவது என்றால் 3.5. கிரெய்ன் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், கோடுகளுக்கு நடுவில் ஊசியால் எமல்ஷனில் மெல்லிய கீறல் போட்டு அதைப் பாருங்கள். பலியிடத்தான் அந்த நெகட்டிவ்.

ஒரு விஷயம். வி700 வரிசையில் இரண்டு லென்ஸ்கள் உண்டு. ஹோல்டருக்கு ஒன்று, ஃபிலிமை நேரடியாகக் கண்ணாடிமேல் வைப்பதற்கு இன்னொன்று. மென்பொருளில் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப லென்ஸ் மாறும். தவறான தேர்வில் சோதித்தால் கிடைக்கும் எண் உதவாது.

ஹோல்டரை உயர்த்த வேண்டியிருந்தால் நான்கு மூலைக்கடியிலும் ஏ4 தாளை வெட்டி ஒட்டுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். ஐந்து தாள் வைத்தால் அரை மில்லிமீட்டர். நான்கு மூலையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். ஒன்றிரண்டு தாள் வித்தியாசத்துக்காக ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம். வி600 பெயரளவில் 6400 டிபிஐ என்றாலும் உண்மையாகப் பிரித்துக் காட்டுவது 1500 பக்கம்தான், வி850கூட 2300 பக்கம். அந்த எல்லைக்குள் கிடைக்கிற கூர்மைதான் கிடைக்கும்.

தூசி

கண்ணாடி ஒன்று சேர்ந்தால் துடைக்க வேண்டிய பரப்பு இரண்டு கூடும். ஃபேனை நிறுத்துங்கள். கைப்பம்பு ப்ளோயரால் ஃபிலிம், கண்ணாடி, ஸ்கேனர் பரப்பு மூன்றையும் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி எமல்ஷனில் விழுந்தால் தடம் போகாது. தூசியைத் தானே நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி இருக்கிறதே என்று நினைத்தால், அது கலர் ஃபிலிமுக்குத்தான். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளித் துகள்களையே தூசி என்று நினைத்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும்.

நேரடியாக ஸ்கேனர் கண்ணாடிமேல் வைக்கலாமா?

வைக்கலாம், எமல்ஷன் கீழே இருக்கும்படி, மேலே ஆன்டி-நியூட்டன் கண்ணாடியோடு. தட்டை விஷயத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஃபோகஸ் 3 மி.மீ. மேலே இருக்கும் ஸ்கேனரில் படம் மெதுமெதுவென்றுதான் வரும். மேற்சொன்ன இரண்டாவது லென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் சரிப்படும்.

திரவத்தில் ஒட்டி ஸ்கேன் செய்யும் முறையும் இருக்கிறது. நன்றாக வேலை செய்யும், கீறல்களைக்கூட மறைக்கும். அதற்கான திரவம் தீப்பற்றக்கூடியது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொரு துண்டையும் பிறகு சுத்தம் செய்ய வேண்டும். புதியவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வீட்டுப் பழைய நெகட்டிவ்கள்

தாத்தா காலத்து நெகட்டிவ்களை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டு வீடுகளில் கோடக், ஆர்வோ இவற்றோடு, ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமும் கிடைக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் இவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். பிளாஸ்டிக் சுருங்கி, ஓரம் அலை அலையாகும், முற்றினால் எமல்ஷன் வாய்க்கால் வாய்க்காலாகக் கிளம்பி நிற்கும். இதைக் கண்ணாடி வைத்து அழுத்தினால் உடையும். வாடை மட்டும் இருந்து ஃபிலிம் இன்னும் வளைந்துகொடுத்தால், மற்ற நெகட்டிவ்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், நாள் ஆக ஆக மோசமாகும். அலை அலையாகிவிட்டதென்றால் அழுத்தாமல் ஹோல்டரில் தளர்வாக வைத்து, வெவ்வேறு உயரத்தில் இரண்டு மூன்று ஸ்கேன் எடுத்து, கூர்மையான பகுதிகளை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். உயரத்தை மாற்ற அதே ஏ4 தாள்தான்.